வறட்சி முடிஞ்சுதா? கலிபோர்னியா மழை பற்றி ஒரு கேள்வியும் நீண்டுபோன பதிலும்

கேள்வி, 29 டிசம்பர் 2022

மூணு வருஷமா புல்லுக்குத் தண்ணி விடாதே, காரைக் கழுவாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் பிடிச்ச மழை இன்னும் விட்டபாடில்லை. வறட்சி முடிஞ்சுதுன்னு எடுத்துக்கலாமா? இப்படிக் காஞ்சு கிடக்கற நிலத்துல ஒரேயடியா கொட்டினா நிலம் குடிச்சுடுமா, இல்ல வெள்ளம் வருமா? சாக்ரமென்டோ பக்கம் இருக்கறவங்க யாராவது சொல்லுங்க.

29 டிசம்பர் 2022, இரவு

அவசரப்படாதீர்கள். போன வருஷமும் இதே நாட்களில் இதே கேள்வி வந்தது. 2021 டிசம்பர் 30 அன்று சியரா மலையில் ஃபிலிப்ஸ் நிலையத்தில் கோலை இறக்கிப் பனியை அளந்தார்கள். 78.5 அங்குலம், அந்த நாளின் சராசரிக்கு இரண்டு மடங்கு. எல்லாரும் குதித்தோம். அதற்கப்புறம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் வானத்தைத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஏப்ரல் 1 அன்று அதே இடத்தில் இரண்டரை அங்குலம். கோலை எடுத்துக்கொண்டு மலையேறியதற்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அதற்கும் முன்னால், 2021 அக்டோபரில், சாக்ரமென்டோவில் தொடர்ந்து 212 நாள் மழையில்லாமல் கிடந்து, அது முடிந்த ஒரே வாரத்தில், 24ஆம் தேதி, ஒரு நாளில் 5.44 அங்குலம் கொட்டியது. 1880ஆம் வருஷத்துச் சாதனை போயிற்று. வறட்சி போகவில்லை. 2020, 2021, 2022 மூன்றையும் சேர்த்தால் பதிவு தொடங்கியதிலிருந்து மிக வறண்ட மூன்றாண்டு என்று மாநில நீர்வளத் துறையே சொல்லிவிட்டது. நாலு நாள் மழையில் அந்தக் கடன் அடையாது.

30 டிசம்பர் 2022

இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். காய்ந்த நிலம் குடிக்காது. செப்டம்பரில் எங்கள் பின்புறத்தில் வேலிக்கால் நடக் கடப்பாரை போட்டேன், பாறையில் அடித்த மாதிரி கை அதிர்ந்தது. அப்படிப்பட்ட மண்ணில் விழும் மழை ஓட்டு மேல் விழுந்த மாதிரி வழுக்கிக்கொண்டுதான் போகும். வெள்ளம் வரும்.

1 ஜனவரி 2023, காலை 4 மணி

வந்துவிட்டது.

ஸ்டாக்டனில் நண்பர் வீட்டில் புத்தாண்டு. திரும்பும்போது நெடுஞ்சாலை 99இல் கால்ட் தாண்டியதும் முன்னால் போன கார்களின் சிவப்பு விளக்குகள் அப்படியே உறைந்து நின்றன. மழை ஏறக்குறைய விட்டிருந்தது, அதனால் விபத்து என்றுதான் நினைத்தேன். கண்ணாடியை இறக்கினால் சத்தம். ஆற்றுச் சத்தம் இல்லை, பெரிய தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி ஒரே சீராக. வலதுபுறம் வயல் இருக்க வேண்டிய இடத்தில் கார் வெளிச்சம் பட்டு மின்னியது. அது நகர்ந்துகொண்டும் இருந்தது.

காஸம்னஸ் ஆறு கரையை உடைத்துவிட்டதாம். போலீஸ்காரர் ஒருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு காராகத் திருப்பி அனுப்பினார். லோடை ஊருக்கு வந்து, மேற்கே போய், ஐந்தாம் எண் சாலை பிடித்து எல்க் குரோவ் வந்து சேர இரண்டரை மணி நேரம். சாதாரணமாக இருபது நிமிஷம்.

2 ஜனவரி

அந்தச் சாலையையும் அதைச் சுற்றியிருந்த இடங்களையும் தண்ணீர் பிடித்ததில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நான் நின்ற இடத்திலிருந்து எத்தனை தூரம் என்று வரைபடத்தில் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

காஸம்னஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: சியராவின் மேற்குச் சரிவில் இறங்கும் பெரிய ஆறுகளில் பெரிய அணை எதுவும் இல்லாத ஒரே ஆறு அதுதான். கோடையில் அதன் கீழ்ப்பகுதி மணலாகக் கிடக்கும், தாண்டிப் போகலாம். இங்கே குடிவந்து ஏழு வருஷம், அதை ஆறு என்றே நான் கணக்கில் வைத்ததில்லை.

4 ஜனவரி

30ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதியது பாதி தப்பு. மண்ணியல் படித்த ஒருவர் கீழே சரியாகவே மறுத்திருக்கிறார், கோபப்படாமல் வாசித்தேன் (முதல் தடவை கோபப்பட்டேன்).

இறுகிப்போன மேற்பரப்பு முதல் அரைமணி, ஒருமணி நேரம் தண்ணீரைத் தள்ளும், சரி. ஆனால் மேல்தோல் நனைந்து இளகியதும், உள்ளே ஈரமே இல்லாத மண்ணுக்குக் கொள்ளளவு அதிகம், நிறையவே குடிக்கும். டிசம்பர் தொடக்கத்து மழை அத்தனையும் எங்கே போயிற்று என்று யோசித்துப் பாருங்கள்: அணைகளில் பெரிதாக ஏறவில்லை, நிலம்தான் குடித்தது. 31ஆம் தேதி ஆறு உடைத்தது நிலம் காய்ந்திருந்ததால் அல்ல, ஏற்கெனவே குடித்து நிறைந்திருந்ததால். முதல் புயலை வறட்சி தாங்கிக்கொண்டது. வெள்ளம் அடுத்தடுத்த புயல்களால் வந்தது.

அதனால் "நிலம் குடிக்குமா, வெள்ளம் வருமா" என்பதற்குப் பதில்: முதலில் அது, அப்புறம் இது.

5 ஜனவரி

"வளிமண்டல ஆறு" என்று செய்தியில் சொல்கிறார்களே, அது நிஜமா, பத்திரிகைக்காரர்கள் கட்டியதா என்று ஒருவர். நிஜம்தான். பசிபிக்கின் வெப்பப் பகுதியிலிருந்து நீராவி ஒரு நாடா மாதிரி, சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வரும். வலுவான ஒன்று சுமந்து வரும் நீராவி மிசிசிப்பி ஆறு கடலில் சேர்க்கும் தண்ணீரைப் போல ஏழரை முதல் பதினைந்து மடங்கு. மலையில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து கொட்டும். கலிபோர்னியாவின் வருடாந்திர மழை பனியில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இப்படிச் சில நாட்களில்தான் கிடைக்கிறது. இரண்டு மூன்று வராமல் போனால் வறட்சி, இரண்டு மூன்று கூடினால் வெள்ளம்.

2019இல் இதற்கு ஒன்று முதல் ஐந்து வரை அளவுகோல் வைத்தார்கள். ஒன்று என்றால் பெரும்பாலும் நன்மை, ஐந்து என்றால் பெரும்பாலும் ஆபத்து. சூறாவளி அளவுகோல் எல்லாப் படியிலும் திட்டுகிறது. இது முதல் படியில் பாராட்டுகிறது.

9 ஜனவரி

மின்சாரம் இல்லை. காரில் உட்கார்ந்து போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

சனி இரவு காற்று. சாக்ரமென்டோ முழுக்க மரம் விழுந்திருக்கிறது, லட்சக்கணக்கான வீடுகளில் விளக்கில்லை. எங்கள் முன்வாசல் ஆஷ் மரமும் போயிற்று. முறிந்து விழவில்லை, வேரோடு, ஒரு பெரிய தட்டைத் தூக்கி நிறுத்திய மாதிரி மண்ணோடு சாய்ந்தது. வீட்டு மேல் விழாமல் தெருப்பக்கம் சாய்ந்ததற்கு நான் எந்தப் புண்ணியமும் செய்யவில்லை.

காலையில் அந்தக் குழியருகே நின்று பார்த்தேன். வேர் எல்லாம் மேலே மேலேயே, ஒன்றரை அடிக்குள். கீழே இறங்கியவை கறுத்து, விரலால் அழுத்தினால் நொறுங்கின. 2021 ஜூலையில் புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். பெருமையாக இங்கேயே படம்கூடப் போட்டேன், "பழுப்புதான் புதுப் பச்சை" என்று. புல்லுக்கு விட்ட தண்ணீரில்தான் அந்த மரம் இருபது வருஷமாக வாழ்ந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கோடை காய்ந்து வேர் செத்தது. இரண்டு வாரம் நனைந்து மண் குழைந்தது. காற்று வந்து தள்ளிவிட்டது.

9 ஜனவரி, பிறகு

மரம் வெட்டுபவர் ஒருவரைப் பிடித்தேன். "எனக்கு முன்னால் 140 பேர் இருக்கிறார்கள்" என்றார். வறட்சியில் மரத்துக்கு மட்டும் தனியாகத் தண்ணீர் விடச் சொல்லி நகராட்சி அனுப்பிய துண்டுத்தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது என்பதை மனைவி நினைவூட்டினார். பதிவு செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே இங்கே வந்து எழுதுவார்.

10 ஜனவரி

மான்டிசிட்டோ ஊரை முழுக்கக் காலி செய்யச் சொன்னது பயமுறுத்தலா என்று கேட்டவருக்கு: இல்லை. சரியாக ஐந்து வருஷத்துக்கு முன், 2018 ஜனவரி 9 விடியற்காலை, அங்கே சேறும் பாறையும் மலையிலிருந்து இறங்கி 23 பேர் போனார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் தாமஸ் என்று பெயரிட்ட காட்டுத்தீ அந்த மலையை எரித்திருந்தது. காட்டுத்தீயில் செடிகொடி எரியும்போது வரும் மெழுகு போன்ற ஆவி மண்ணுக்குள் இறங்கி ஒரு படலமாகப் படிந்துவிடும். அந்த மண் நிஜமாகவே தண்ணீரைத் தள்ளும். நான் 30ஆம் தேதி சொன்ன "ஓட்டு மேல் விழுந்த மாதிரி" என்பது எரிந்த மலைக்குப் பொருந்தும், என் வேலிக்காலுக்குப் பொருந்தாது. ஆக அந்தக் குறிப்பில் கால்வாசிதான் தப்பு என்று வைத்துக்கொள்வோம்.

17 ஜனவரி

"வறட்சி என்கிறார்கள், மழை பெய்யும்போதே அணையைத் திறந்து கடலுக்கு விடுகிறார்கள், யாரைக் கேட்டு?" இந்த இழையில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நானும் முன்பு கேட்டவன்தான்.

இங்குள்ள பெரிய அணைகள் இரண்டு வேலை பார்க்கின்றன: தண்ணீர் சேர்ப்பது, வெள்ளம் தடுப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். சேர்க்க நிறைந்திருக்க வேண்டும், தடுக்கக் காலியாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் இவ்வளவு இடம் காலியாக விட்டே ஆக வேண்டும் என்று ராணுவப் பொறியாளர் படையின் விதி இருக்கிறது. வசந்தம் வரவர அந்த இடத்தை நிரப்பலாம்.

விதியை நம்பாதவர்கள் ஓரோவில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் சுமார் 154 டி.எம்.சி., மேட்டூரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 2012இல் தொடங்கிய வறட்சியில் அடிமட்டத்துக்குப் போன அந்த அணை 2017 பிப்ரவரியில் நிறைந்தது. 7ஆம் தேதி பிரதான கலிங்கில் பள்ளம் விழுந்தது. 11ஆம் தேதி, அணை கட்டியதிலிருந்து முதல் தடவையாக, அவசரக் கலிங்கு வழியே தண்ணீர் வழிந்தது. கான்கிரீட் போடாத வெறும் மலைச்சரிவு அரித்துக்கொண்டு பின்னோக்கி வந்தது. 12ஆம் தேதி கீழே இருந்த ஒரு லட்சத்து 88 ஆயிரம் பேரை வெளியேறச் சொன்னார்கள்.

அதே ஓரோவில்லில் 2021 ஆகஸ்டில் தண்ணீர் மட்டம் இறங்கி, நீர்மின் நிலையத்தை வரலாற்றில் முதல் தடவையாக நிறுத்தினார்கள். அந்த மாதம் நான் போயிருந்தேன். படகு இறக்கும் சாய்தளம் சேற்றுக்கு மேலே அந்தரத்தில் முடிந்திருந்தது. கீழே எங்கோ ஓர் ஓடை அளவுக்குத் தண்ணீர். நாலரை வருஷத்தில் ஒரே அணை இரண்டு எல்லையையும் பார்த்திருக்கிறது.

6 பிப்ரவரி

மழை நின்றுவிட்டது. "பார்த்தீர்களா, போன வருஷம் மாதிரியே" என்று எழுத வந்தேன். என் ராசிக்கு எழுதினால் நாளைக்கே கொட்டும், அதனால் எழுதவில்லை.

26 பிப்ரவரி

லாஸ் ஏஞ்சலஸ் வானிலை அலுவலகம் பனிப்புயல் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. சான் பெர்னார்டினோ மலையில் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் ஆட்கள் அடைபட்டிருக்கிறார்கள். எழுதாமல் இருந்ததும் பலிக்கவில்லை.

12 மார்ச்

பஹாரோ ஆற்றின் கரை வெள்ளி நள்ளிரவில் உடைந்து பஹாரோ ஊர் மூழ்கிவிட்டது. ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஊர். கரை 1949இல் கட்டியது. போதாது என்பது அறுபதுகளிலிருந்தே தெரியும், 1995இலும் உடைந்தது. ஏன் சரிசெய்யவில்லை என்றால் கணக்கு: பாதுகாக்கப்படும் சொத்தின் மதிப்பைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஏழைகளின் ஊரில் வீட்டு மதிப்பு குறைவு, கணக்கு இடிக்கும். இதை "இயற்கைப் பேரிடர்" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். மழை இயற்கைதான். கரை?

19 மார்ச்

நீண்ட குறிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டர்வில்லுக்கு வெளியே, துலேரி கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), எனக்கு ஒரு நண்பர். ஊர்க் குழாய் இல்லாத பகுதி, வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு. இவருடையது 160 அடி. 2021 ஆகஸ்டில் குளித்துக்கொண்டிருக்கும்போதே குழாய் இருமியது, காற்று வந்தது, அதோடு சரி. சுற்றிலும் பாதாம், பிஸ்தா தோட்டங்கள். அவர்களுக்கு ஆற்று வாய்க்கால் தண்ணீர் குறைந்ததும் ஆயிரம் அடி போர்வெல்களில் உறிஞ்சினார்கள், இவருடைய கிணற்றுக்குக் கீழே நீர்மட்டம் இறங்கிப்போயிற்று. அன்றிலிருந்து முற்றத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, 2,000 காலன். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். குடிக்கப் புட்டித் தண்ணீர்.

நேற்றுக் கூப்பிட்டேன். மலையிலிருந்து வரும் துலே ஆற்றின் அணை நிறைந்து கலிங்கு பாய்கிறது. இவர் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

"வீட்டுக்குள்ள வந்துருச்சா?"

"இல்ல, படிக்கு ரெண்டு அங்குலம் கீழ நிக்குது. அது இல்ல பிரச்சினை."

"வேற என்ன?"

"தொட்டி காலி. தெருவுல வெள்ளம்னு லாரி வரமாட்டேங்கறான்."

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார், அதனால் நானும். வாளியில் வெள்ளத்தை அள்ளிக் கழிப்பறைக்கு ஊற்றுகிறார்களாம். அந்தத் தண்ணீரில் மாட்டுப் பண்ணைக் கழிவு கலந்திருப்பதால் வேறு எதற்கும் ஆகாது.

"வறட்சி முடிஞ்சுதா"ன்னு டிசம்பரில் கேட்டவரே, இந்தத் தெருவில் நின்று பதில் சொல்லுங்கள்.

25 மார்ச்

அரசு நேற்றுப் பாதிப் பதில் சொல்லிவிட்டது. 15 சதவீதம் சிக்கனம் செய்யுங்கள் என்ற வேண்டுகோளை ஆளுநர் நியூசம் திரும்பப் பெற்றார், வறட்சி அவசரநிலையை மட்டும் எடுக்கவில்லை. இரண்டையும் ஒரே அறிவிப்பில் செய்ததைப் பலர் கிண்டல் அடிக்கிறார்கள். ஒரு வாரம் முன்பு என்றால் நானும் அடித்திருப்பேன்.

4 ஏப்ரல்

ஃபிலிப்ஸ் நிலையம், நேற்று: 126.5 அங்குலம். உருக்கினால் 54 அங்குலத் தண்ணீர், சராசரியில் 221 சதவீதம். மாநிலம் முழுக்கப் பார்த்தால் 237 சதவீதம். 2015 ஏப்ரலில் இதே புல்வெளியில் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரௌன் வெறும் புல் மேல் நின்றுகொண்டு 25 சதவீதக் கட்டாய வெட்டு அறிவித்தார், அப்போது மாநிலப் பனி 5 சதவீதம்.

போன வருஷம் இரண்டரை அங்குலம் என்பதை வைத்து டிசம்பரில் உங்களை மிரட்டினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இனி மழையைப் பற்றிக் கவலையில்லை, வெயிலைப் பற்றித்தான். இதெல்லாம் மே, ஜூனில் உருகி எங்கே போகும்?

18 ஜூன்

எங்கே போயிற்று என்றால், துலேரி ஏரிக்கு. ஒரு காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரி. சாதாரண வருஷங்களில் கடலுக்கு வழியில்லாமல் கிங்ஸ், கவீயா, துலே, கெர்ன் நாலு ஆறும் இங்கேதான் வந்து முடியும். ஆறுகளை வாய்க்கால்களில் திருப்பி, கரை போட்டு, ஏரியை வற்றவைத்துப் பருத்தியும் தக்காளியும் போட்டார்கள். ஏரி 1983இல் திரும்பி வந்தது, 1997இல் வந்தது, இப்போது மறுபடி, ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். அந்த நிலத்தின் ஆதிக்குடிகளான தாச்சி யோகுத் மக்கள் அதைப் பாஆஷி என்கிறார்கள். துலே என்றால் கோரை, நம் ஊராக இருந்தால் கோரையேரி என்று கூப்பிட்டிருப்போம்.

நண்பரைப் பார்க்கப் போன வழியில் கார்க்கரன் வரை போனேன். தார்ச்சாலை நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்குகிறது. நட்டநடுவில் மின்கம்ப வரிசை. சின்ன அலை வந்து மஞ்சள் கோட்டை நனைத்துவிட்டுப் போனது. பருத்தி வயலில் உப்புவாசனையில்லாத கடல்.

ஊரைச் சுற்றிய 14.5 மைல் கரையை உயர்த்த மாநிலம் 1.7 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. அதே கரையை 2017இலும் உயர்த்தினார்கள். ஏன் மறுபடியும்? கரை கரையவில்லை, ஊர் இறங்கிக்கொண்டிருக்கிறது. வறட்சியில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் அடுக்குகள் நசுங்கி, இந்தப் பகுதியில் சில இடங்கள் ஒரு வருஷத்தில் ஓர் அடிக்கும் மேல் தாழ்ந்திருக்கின்றன. ஒரு பழைய படம் பார்த்திருப்பீர்கள்: மெண்டோட்டா அருகே ஒரு மின்கம்பம், பக்கத்தில் ஓர் ஆள், கம்பத்தின் உச்சியில் 1925, நடுவில் 1955, காலடியில் 1977 என்று நிலமட்டத்தைக் குறித்த பலகைகள். ஒன்பது மீட்டர். நண்பரின் கிணற்றைக் காயவைத்த அதே உறிஞ்சல்தான் வெள்ளம் தேங்கப் பள்ளமும் பறித்து வைத்திருக்கிறது.

நசுங்கிய களிமண் திரும்ப உப்பாது, அந்தக் கொள்ளளவு போனது போனதுதான்.

19 ஜூன்

"இவ்வளவு பெரிய ஏரி நிற்கிறதே, கீழே இறங்கிக் கிணறு ஊறாதா?" நல்ல கேள்வி. அந்த ஏரிப்படுகை தடித்த களிமண், அதனால்தான் அங்கே ஏரியே உண்டானது. பெரும்பாலும் வெயிலில்தான் வற்றும். மலையடிவாரத்து மணல் பாங்கான இடங்களில் பரப்பிவிட்டால் இறங்கும். வெள்ளநீரை அப்படித் திருப்புவதற்கான அனுமதி விதிகளை மார்ச்சில் தளர்த்தினார்கள், சில விவசாயிகள் தோட்டத்துக்குள்ளேயே தண்ணீரை நிறுத்தினார்கள். வந்த தண்ணீருக்கு முன்னால் அது கொஞ்சம்.

20 ஜூன்

1862 பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தவருக்கு: ஆமாம், சாக்ரமென்டோ மூழ்கி, ஆளுநர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் பதவியேற்பு விழாவுக்குத் துடுப்புப் படகில் போனார். பிறகு நகரத் தெருக்களையே மேலே உயர்த்தினார்கள், பழைய தரைத்தளங்கள் இன்றும் நிலத்துக்கு அடியில் இருக்கின்றன. ஆனால் "வறட்சிக்குப் பின் வெள்ளம் என்பது விதி" என்பதற்கு அதைச் சாட்சியாக இழுக்காதீர்கள். அந்த வெள்ளத்துக்கு அடுத்தே கடும் வறட்சி வந்து 1864 வாக்கில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வரிசையெல்லாம் கிடையாது.

8 செப்டம்பர் 2024

இழையைத் தோண்டி எடுத்ததற்கு மன்னிக்கவும். வறட்சி அவசரநிலையை இந்த வாரம் 19 கவுண்டிகளில் எடுத்துவிட்டார்கள். 39இல் நீடிக்கிறது, துலேரி அதில் ஒன்று. ஆக, டிசம்பர் 2022 கேள்விக்கு இருபது மாதம் கழித்து அரசாங்கத்தின் பதில்: எந்த ஊர் என்பதைப் பொறுத்தது.

ஏரி கிட்டத்தட்ட வற்றிவிட்டது, மறுபடி விதைத்துவிட்டார்கள். முன்வாசலில் சைனீஸ் பிஸ்தாச்சே கன்று நட்டிருக்கிறேன், புல்லுக்கு இல்லாமல் அதற்கு மட்டும் சொட்டுக்குழாய். நண்பர் போன மாதம் 420 அடிக்குப் புதுப் போர் போட்டார், கடன் வாங்கி. தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். தொட்டியை எடுத்துப்போகச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லை.

இன்னொன்று: 19 மார்ச் குறிப்பில் அந்தத் தொட்டி 2,000 காலன் என்று போட்டிருந்தேன். 2,500 என்று திருத்தச் சொன்னார்.